நம் தெருவை யார் வரைவது? வரைபடக் கருவிகளின் கதை



"சார், மேப் காட்டுற இடத்துக்கு வந்துட்டேன். இங்க கேட் பூட்டியிருக்கு." இந்த போன் வராத வீடு நம் வளாகத்தில் இருக்காது. நாமும் பழகிய குரலில் பதில் சொல்வோம்: "பின் கேட்டுக்குப் போயிட்டீங்க. அப்படியே திரும்பி மெயின் ரோடுக்கு வந்து, பிள்ளையார் கோயிலைத் தாண்டி இடது பக்கம் வாங்க." வந்தவர் பார்சல்காரர் என்றால் பத்து நிமிடத் தாமதத்தோடு போயிற்று. வந்தது 108 ஆம்புலன்ஸ் என்றால் அந்தப் பத்து நிமிடத்தின் கணக்கே வேறு.

அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்பாக நம் வளாகத்தையும் சுற்றியுள்ள தெருக்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் நாமே பதிவு செய்யலாம் என்று சங்கத்தில் பேசி வருகிறோம். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் உலக வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். பேச்சு தொடங்கியதுமே ஒரு கேள்வி வந்துவிட்டது: எந்த மென்பொருளில் வரைவது? சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்கள் ஒன்றைச் சொன்னார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், "எங்களுக்கு போனில் முடிகிற மாதிரி சொல்லுங்கள்" என்றார்கள்.

இது சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் வரைபட வரலாற்றைப் பார்த்தால், கையில் இருக்கும் கருவிதான் யார் வரையலாம், யார் வரைய முடியாது என்பதைத் தீர்மானித்திருக்கிறது. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் சென்னையில்தான் தொடங்குகிறது.

பரங்கிமலையில் ஒரு சங்கிலி

1794-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் நில அளவை கற்றுத்தர ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் அளவைக்கு அதுவே அடிக்கோடு. சுமார் ஏழரை மைல் நீளத்தை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின.

அளந்த கருவி 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு போய், அங்கே ஏற்கப்படாமல், கைமாறி லாம்டனிடம் வந்து சேர்ந்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியின் பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, கணக்கைத் திருத்திக்கொண்டே போனார்கள்.

கோணங்களை அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் ஒன்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு விட்டுப்போய், கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே வாரக்கணக்கில் அதைச் சரிசெய்தார்.

இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு சாதாரண மனிதர் தன் ஊரை வரைய முடியுமா? அரசாங்கம் வரைந்தது, அரசாங்கம் வைத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நில எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கி.மீ. அகலமுள்ள பட்டையில், விவரமான நிலப்பட வரைபடங்களைப் பொதுமக்கள் எளிதாக வாங்க முடியாதபடி பாதுகாப்புக் கட்டுப்பாடு இருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே அந்தப் பட்டைக்குள் வருபவை. அதிலும் ஆவடியில் 1960-களிலிருந்து கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கைதான், ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று வரைபடங்களை இரண்டாகப் பிரித்தது.

வீட்டுக்கு வந்த கருவி

இதற்குள் லண்டனில் வேறொன்று தொடங்கியிருந்தது. பிரிட்டனிலும் அப்போது அரசு வரைபடத்தைப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டியிருந்தது, நிபந்தனைகளும் இருந்தன. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர், விக்கிப்பீடியாவைப் போல மக்களே ஒரு வரைபடத்தை எழுதினால் என்ன என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். சைக்கிளில் ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாகப் போவார்கள். வீட்டுக்கு வந்து, போன தடத்தின் மேல் கோடு போடுவார்கள். அரை டன் தியோடலைட் செய்த வேலையின் ஒரு பகுதியை, கைக்குள் அடங்கும் கருவி செய்யத் தொடங்கியிருந்தது.

தடம் கிடைத்துவிட்டது. அதை எதில் வரைவது? நம் கூட்டத்தில் எழுந்த கேள்வி அங்கே அப்போதே எழுந்தது.

2006 ஜனவரியில் இம்மானுவேல் ஷோல்ட்ஸ் என்பவர் எழுதிய ஜேஓஎஸ்எம் வெளிவந்தது. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள். வேண்டிய பகுதியை இறக்கிக்கொண்டு, இணையம் இல்லாமலேயே வரையலாம். எல்லாம் சரியா என்று அதுவே சோதித்துப் பிழைகளைப் பட்டியல் போடும். கூடுதல் வசதிகளைத் துணை நிரல்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய அளவில் வேலை செய்பவர்களுக்கு இன்றும் அதுதான் முதல் தேர்வு. ஆனால் முதல்முறை திறப்பவருக்கு ஒரு கருப்புத் திரையும் ஏராளமான பொத்தான்களும்தான் தெரியும். பாதிப் பேர் அங்கேயே மூடிவிடுவார்கள்.

2007-ல் ரிச்சர்ட் ஃபேர்ஹர்ஸ்ட் வேறு வழியைக் காட்டினார். அவருடைய பாட்லாட்ச், பிரவுசரிலேயே திறக்கும். நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. இணையதளத்தில் 'திருத்து' என்று தட்டினால் போதும், வரையத் தொடங்கலாம். பாட்லாட்ச் என்பது வட அமெரிக்கப் பழங்குடிகள் கொடை கொடுத்துக் கொண்டாடும் விருந்தின் பெயர். பெயருக்கு ஏற்ப அது பலரை உள்ளே அழைத்து வந்தது. தொடக்கத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. நீங்கள் கோடு போடப் போட அது நேரடியாக உலக வரைபடத்தில் ஏறிவிடும். கை தவறினாலும் ஏறிவிடும். "புதியவர்கள் வந்து கெடுக்கிறார்கள்" என்று ஜேஓஎஸ்எம் பக்கத்தினரும், "உள்ளே விட்டால்தானே கற்றுக்கொள்வார்கள்" என்று மறுபக்கத்தினரும் வாதாடினார்கள். நம் சங்கக் கூட்டத்தில் நடப்பது இந்தப் பழைய வாதத்தின் தொடர்ச்சிதான்.

இரு தரப்பும் சொன்னதில் நியாயம் உண்டு. அதைப் புரிந்துகொண்டு வந்ததுதான் ஐடி எடிட்டர். நைட் அறக்கட்டளையின் நிதியுதவியோடு மேப்பாக்ஸ் நிறுவனத்தினர் உருவாக்கியது. 2013 மே மாதம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் சேர்ந்தது. அதுவும் பிரவுசரில்தான். ஆனால் நீங்கள் 'சேமி' என்று சொல்லும்வரை எதுவும் வெளியே போகாது. தெரு, கட்டடம், கேட் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். தவறாக இருந்தால் எச்சரிக்கும். முதல்முறை வருபவருக்கு ஒரு கற்பனை ஊரில் பயிற்சியும் கொடுக்கும்.

பாட்லாட்ச் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் ஓடியது. 2020 டிசம்பரோடு ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றதும் பிரவுசரில் அதன் காலமும் முடிந்தது. ஆனால் அதில் வரைந்த ஒரு தெருகூட அழியவில்லை. காரணம், வரைந்தவை எல்லாம் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் இருந்தன. கருவி போனாலும் வேலை நின்றது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு வாருங்கள்.

நம் நாட்டில் கூகுள் மேப் மேக்கர்

2008-ல் கூகுள் நிறுவனம் மேப் மேக்கர் என்ற கருவியை வெளியிட்டது. அதை உருவாக்கியதில் இந்தியப் பொறியாளர்களின் பங்கு பெரியது. விவரமான வரைபடம் கிடைக்காத நாடுகளுக்காகவே வந்தது. இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஊர், தெரு, கடை, கோயில் என்று ஆர்வமாகச் சேர்த்தார்கள். இன்று நாம் பார்க்கும் கூகுள் வரைபடத்தின் செழிப்பில் அவர்களுடைய இலவச உழைப்பும் கலந்திருக்கிறது.

2013 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'மேப்பத்தான்' என்று ஒரு போட்டியே நடந்தது. பாதுகாப்பு சார்ந்த இடங்களும் குறிக்கப்பட்டுவிட்டதாக இந்திய நில அளவைத் துறை போலீசில் புகார் கொடுத்தது. அடுத்த ஆண்டு சிபிஐ முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியது. 2015-ல் பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே யாரோ ஒருவர் கேலிச் சித்திரம் ஒன்றை வரைபடத்தில் வரைந்துவிட, மேப் மேக்கர் சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. 2017 மார்ச் 31 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. சில வசதிகள் கூகுள் மேப்ஸுக்குள்ளேயே வந்துவிட்டன. இன்றும் அங்கே நீங்கள் திருத்தம் பரிந்துரைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

இங்கே யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வரைபடத்தைத் தினமும் பயன்படுத்துகிறோம், நன்றியும் உண்டு. ஆனால் கருவி மூடப்பட்டபோது, உழைத்தவர்கள் தாங்கள் சேர்த்த தரவை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் தொடர முடியவில்லை. பாட்லாட்ச் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அதனால் கருவியின் அழகைப் பார்ப்பதற்கு முன், அதில் வரைந்தது யாரிடம் போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள்.

2015 டிசம்பர்

இந்த வரலாறு நம் வாசலுக்கே வந்தது 2015 வெள்ளத்தில். டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டதும், அடையாற்றங்கரையில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஏரி பூந்தமல்லியிலிருந்து கூப்பிடு தூரம். எந்தத் தெருவில் போக முடியும், எங்கே இடுப்பளவு தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் உண்மையும் வதந்தியும் கலந்து வந்துகொண்டிருந்தன.

அப்போது மேப்பாக்ஸில் இருந்த அருண் கணேஷும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களும் ஒரு வெள்ள வரைபடத்தை இணையத்தில் வைத்தார்கள். பயன்படுத்தும் முறை மிக எளிது. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் வரைபடத்தில் அந்தத் தெருவைத் தட்டுங்கள், அது நிறம் மாறும். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒரு தெருவைத் தட்ட வேண்டும் என்றால், அந்தத் தெரு வரைபடத்தில் முன்பே இருக்க வேண்டும். அதை முந்தைய ஆண்டுகளில் யாரோ ஒரு தன்னார்வலர், மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜேஓஎஸ்எம்மிலோ பாட்லாட்சிலோ பொறுமையாக வரைந்து வைத்திருந்தார். 2010-ல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து உலகெங்கும் இருந்தவர்கள் சில நாட்களில் தலைநகரையே வரைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் படத்தில் கூரைதான் தெரியும். எந்த கேட் பூட்டியிருக்கும், எந்தச் சந்து முட்டுச்சந்து என்பது அங்கே வசிப்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது பாடம்: வல்லுநருக்கு ஒரு கருவி, மற்றவர்களுக்கு ஒரு கருவி என்று இரண்டும் தேவைப்பட்டன. தெருவை வரைய ஒன்று, வெள்ளத்தைச் சொல்ல ஒன்று. தெருவைத் தட்டிய யாருக்கும் ஜேஓஎஸ்எம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதைப் பார்த்த பிறகு, இது மறுபடியும் தேவைப்படாது என்று நம்மால் சொல்ல முடியாது.

போனுக்குள் வந்த கேள்விகள்

2017-ல் டோபியாஸ் ஸ்விக் என்ற ஜெர்மானியர் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலியை வெளியிட்டார். அதில் எதையும் வரைய வேண்டாம். நீங்கள் நடந்து போகும்போது அது கேள்வி கேட்கும். இந்தத் தெருவின் பெயர் என்ன? இந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி? இங்கே நடைபாதை உண்டா? பதில் சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும். குறுக்கெழுத்துப் புதிர் போடத் தெரிந்தவர் யாரும் செய்யலாம். இதன் குறை, புதிதாகத் தெருவோ கட்டடமோ வரைய இது உதவாது.

2022-ல் வந்த எவ்ரிடோர் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். கடைகள், கட்டட நுழைவாயில்கள், கதவு எண்கள் இவற்றைக் குறிக்கவே அமைக்கப்பட்டது. அபார்ட்மென்ட் வளாகத்துக்கு இது மிகவும் பொருத்தம். போனிலேயே முழு வரைவு வேலையும் செய்ய ஆண்ட்ராய்டில் வெஸ்புச்சியும் ஐபோனில் கோ மேப்பும் இருக்கின்றன. ஆனால் சின்னத் திரையில் விரலால் கோடு இழுக்கப் பொறுமை வேண்டும்.

சட்டமும் மாறியது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இந்தியர்கள் வரைபடத் தரவைச் சேகரிக்கவும் வெளியிடவும் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. பாதுகாப்பு சார்ந்த சில விவரங்கள் மட்டும் விலக்கு. பரங்கிமலையில் சங்கிலி விரித்த நாளிலிருந்து இந்த நிலைக்கு வர 219 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சரி, நமக்கு எது?

இவ்வளவையும் பார்த்தபின் என் கருத்து இது. "எது சிறந்த மென்பொருள்?" என்று கேட்டால் ஜேஓஎஸ்எம் என்றுதான் பதில் வரும். "நம் வளாகத்தை நன்றாக அறிந்தவர்கள் எதைப் பயன்படுத்துவார்கள்?" என்று கேட்டால் பதில் மாறிவிடும். பின் கேட்டை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பது செக்யூரிட்டிக்குத் தெரியும். எந்த பிளாக்கில் சறுக்குப்பாதை இல்லை என்பது சக்கர நாற்காலியில் தாயாரை அழைத்துப் போகிறவருக்குத் தெரியும். அவர்களுடைய அறிவு வரைபடத்தில் ஏறினால்தான் ஆம்புலன்ஸ் சரியான கேட்டுக்கு வரும். அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

நடைப்பயிற்சி போகிறவர்கள், மாணவர்கள்: ஸ்ட்ரீட்கம்ப்ளீட் அல்லது எவ்ரிடோர். தினமும் நடக்கும் பாதையிலேயே பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

வீட்டில் லேப்டாப் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர்: ஐடி எடிட்டர். விடுபட்ட தெரு, பிளாக், வளாகச் சாலை இவற்றை வரைய. பயிற்சியை முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே ஒருவர், விருப்பம் இருந்தால்: ஜேஓஎஸ்எம். மற்றவர்கள் செய்ததைச் சரிபார்க்க.

சில கவனக் குறிப்புகள். கூகுள் உள்ளிட்ட பிற வரைபடங்களைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. நேரில் பார்த்ததையும், எடிட்டரே அனுமதியோடு காட்டும் செயற்கைக்கோள் படத்தையும் மட்டும் பயன்படுத்துங்கள். அந்தப் படங்கள் சில மீட்டர் தள்ளியிருக்கலாம், போனின் ஜிபிஎஸ் தடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நம் உள்சாலைகளைத் தனியார் சாலை என்று குறியுங்கள். இல்லாவிட்டால் வழிகாட்டும் செயலிகள் வெளி வண்டிகளைக் குறுக்குவழியாக உள்ளே அனுப்பும். குடியிருப்போர் பெயர், போன் எண் எதுவும் வேண்டாம். ஆவடி பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஆர்வத்தில் பாதுகாப்புத் துறை வளாகங்களின் உள்விவரத்தைக் குறிக்கவே வேண்டாம்.

பெயர்களிலும் கவனம் தேவை. பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, ஆங்கிலப் பலகையில் பூனமல்லி என்று ஒரே ஊர் மூன்று விதமாக வழங்குகிறது. 2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. நல்லவேளை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், வழக்குப் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எதையும் விட வேண்டியதில்லை. தெருப் பலகையில் உள்ள தமிழ்ப் பெயரையும் மறக்காமல் சேருங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். டாக்ஸி, டெலிவரி செயலிகளில் பல வேறு நிறுவனங்களின் வரைபடத்தில் ஓடுகின்றன. நாம் இங்கே திருத்துவது தானாக அங்கே போகாது. அங்கே கேட் தவறாக இருந்தால் அந்தந்தச் செயலியிலும் தனியாகத் திருத்தம் அனுப்ப வேண்டும். பிறகு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். இதில் வரைந்ததை நாமே எடுத்து அச்சிட்டு செக்யூரிட்டி அறையில் ஒட்டலாம். யூமேப் என்ற இலவசத் தளத்தில் அதன் மேல் பம்ப் அறை, மின் இணைப்புப் பெட்டி, மழையில் முதலில் தண்ணீர் நிற்கும் இடம் என்று நம் வளாகத்துக்கு மட்டுமான குறிப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். சங்கத்தின் நிர்வாகிகள் மாறலாம், செயலிகள் மாறலாம், வரைபடம் நம்மிடம் இருக்கும்.

தொடங்க விரும்புகிறவர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கைத் திறந்துகொண்டு, அடுத்த சங்கக் கூட்டத்துக்கு போனோடு வாருங்கள். எல்லோருமாகக் கீழே இறங்கி, முதலில் அந்தப் பின் கேட்டைக் குறிப்போம்.